தங்கள் பாணியில்

டீக்கடைப் பெஞ்சில் கிடந்த பேப்பரை மருமகன்தான் எடுத்துப் பிரித்தான். என் அக்கா மகன். வயது 24. பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. முந்தின நாள் ராத்திரி வாகனத் தணிக்கையில் அவனை நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. தலையில் ஹெல்மெட்டும் இருந்தது. "அப்புறம் எதுக்கு சார் நிறுத்துறீங்க?" என்று கேட்டதுதான் தப்பாகிப்போனது. சாவியைப் பிடுங்கி, ஒரு ஸ்டேஷன் வராந்தாவில் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்து, கன்னத்தில் ஒன்று கொடுத்து, "போடா" என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கும் இல்லை, ரசீதும் இல்லை. எதற்குப் பிடித்தார்கள் என்று தெரியாதது போலவே எதற்கு விட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

பேப்பரைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு நகைத் திருட்டுச் செய்தியில் நின்றான். சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவரிடம் போலீசார் 'தங்கள் பாணியில்' விசாரித்தார்களாம். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராம்.

"மாமா, அதென்ன பாணி? அதை யாரு இவங்களுக்குக் கொடுத்தது?"

கோபத்தில் கேட்டாலும் அது கேட்க வேண்டிய கேள்விதான். "உட்காருலே. அண்ணாச்சி, ரெண்டு டீ போடுங்க, ஒண்ணுல சீனி கம்மி" என்றேன். பாட்டில் அரியக்குடி பாணி, செம்மங்குடி பாணி என்கிறோமே, அந்த மாதிரி இந்தப் பாணிக்கும் ஒரு குருபரம்பரை இருக்கிறது. பிறந்த வருஷம்கூட இருக்கிறது.

1850-களின் மதராஸ் மாகாணத்தில் இப்போது நாம் பார்க்கிற போலீஸ் கிடையாது. 1816-ல் கும்பினியார் போட்ட ஒழுங்குமுறைச் சட்டப்படி தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். கிஸ்தி வசூலிக்கிறவரும் திருடனைப் பிடிக்கிறவரும் ஒரே ஆள். அவருக்கு மேலே கலெக்டர், அவரே மாஜிஸ்திரேட்டும். விளைச்சல் இல்லை, கிஸ்தி கட்ட முடியவில்லை என்று ஒரு விவசாயி கையை விரித்தால் தாசில்தாரின் சேவகர்கள் வருவார்கள். அடித்தார்கள் என்று புகார் சொல்லப் போனாலும் அதே கச்சேரிக்குத்தான் போக வேண்டும்.

இந்த விஷயம் 1854-ல் லண்டன் பாராளுமன்றத்தில் கிளம்பியது. வேறு வழியில்லாமல் மூன்று பேர் கொண்ட விசாரணைக் கமிஷன் ஒன்றை மதராஸில் அமைத்தார்கள். நேரில் வந்தும் கடிதம் எழுதியும் ஏறக்குறைய 2,000 பேர் புகார் சொன்னார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, இடையில் விரல்களை வைத்து நெருக்குவது. இன்னொன்று அண்ணாந்தாள். ஆளைக் குனிய வைத்து, கழுத்துக்கும் கால் கட்டைவிரலுக்கும் கயிற்றைக் கட்டி, வெயிலில் நிறுத்துவது. சில சமயம் முதுகில் ஒரு கல்லும் ஏறும். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் பிள்ளைகளுக்கு இந்தத் தண்டனையைக் கொடுத்ததுண்டு. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இவற்றுக்கு ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை, தமிழையே எழுதிக்கொண்டார்கள். நம் மொழி உலகத்துக்குக் கொடுத்த சொற்கள் என்று கட்டுமரம், மிளகுத்தண்ணி எல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறோம், அந்தப் பட்டியலில் இந்த இரண்டை யாரும் சேர்ப்பதில்லை.

இதில் பெரும்பகுதி வரிக்காக நடந்த சித்திரவதை. 1857-ல் லண்டனில் இருந்துகொண்டு அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுதிவந்த கார்ல் மார்க்ஸ் இந்த ஆவணங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையே எழுதினார்.

கமிஷன் சொன்ன வைத்தியம் சுலபமானது. வரி வசூலிக்கிற கையும் குற்றவாளியைப் பிடிக்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. போலீசைத் தனியாகப் பிரியுங்கள். அப்படித்தான் 1859-ல் மதராஸுக்கென்று ஒரு போலீஸ் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அகில இந்தியாவுக்கு 1861-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டு மாவட்டப் போலீசுக்கு இன்றுவரை அடிப்படை அந்த 1859-ஆம் ஆண்டுச் சட்டம்தான், சென்னைக்கு 1888-ல் போட்டது. வருஷங்களைக் கேட்டு மருமகன் சிரித்தான்.

"அப்போ நம்மள அடியிலேர்ந்து காப்பாத்தத்தான் போலீசே வந்துச்சா மாமா?"

பாதி அப்படித்தான். மீதிப் பாதியில்தான் விவகாரம் இருக்கிறது. 1859-ஐ யோசித்துப் பார். இரண்டு வருஷம் முன்னால்தான் 1857-ன் கலகம். அரசாங்கம் மிரண்டு போயிருந்தது. போலீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் கையில் இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒன்று 1829-ல் லண்டனில் உண்டானது. துப்பாக்கி இல்லை. பட்டாளத்துச் சிவப்பை நினைவூட்டக் கூடாது என்று சட்டைக்கு நீல நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவில் நடக்கிற ஒரு குடிமகன், அவனுக்கு ஒரு சீருடை, அவ்வளவுதான். மற்றொன்று அயர்லாந்தில் வைத்திருந்தது. ஆயுதம் உண்டு, பாளையத்தில் தங்குவார்கள், உள்ளூர்க்காரனை உள்ளூரில் வேலைக்குப் போட மாட்டார்கள், பதில் சொல்வது மேலிடத்துக்கு மட்டும். லண்டன் மாதிரி சொந்த ஜனத்துக்கு, அயர்லாந்து மாதிரி அடக்கி ஆள வேண்டிய ஜனத்துக்கு. சார்லஸ் நேப்பியர் 1843-ல் சிந்துவைப் பிடித்ததும் அங்கே நிறுவியது அயர்லாந்து மாதிரியைத்தான். அதுவே மெல்லத் தெற்கே இறங்கி வந்தது.

தேர்தல் வந்தாலும் பெரிய ஊர்வலம் வந்தாலும் நம் தெருவில் கொடி அணிவகுப்பு நடத்துகிறார்களே, அதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தோளில் துப்பாக்கி, பின்னால் வஜ்ரா வாகனம், நூறு பூட்ஸ் ஒரே தாளத்தில் விழுகிற சத்தம். அன்றைக்கு அந்தத் தெருவில் யாரும் எந்தக் குற்றமும் செய்திருக்க மாட்டார்கள். பாட்டி ஒருத்தி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவளுக்கும் சேர்த்துத்தான் அது. கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு ஏராளமான பேரை ஆள வேண்டும் என்றால் அடிப்பதைவிட, அடிக்க முடியும் என்று காட்டிக்கொண்டே இருப்பது செலவு குறைவு. உன் பைக் சாவியைப் பிடுங்கினதும் இந்தக் கணக்குதான். என்ன, கொடி இல்லாத அணிவகுப்பு.

டீ வந்தது. ஆடை படிந்திருந்ததை ஊதித் தள்ளிவிட்டு மருமகன் கேட்டான்: "சரி மாமா, காட்டுறது புரியுது. உள்ளே கொண்டுபோய் எதுக்கு அடிக்காங்க? கோர்ட்டில் அது செல்லாதுன்னுதானே சொல்லுதாங்க?"

செல்லாதுதான். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்பதை 1861-லேயே எழுதிவிட்டார்கள். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆம் பிரிவு. கவனி, போலீசை உண்டாக்கிய அதே கை, அதே வருஷங்களில், இவன் வாங்கி வருகிற வாக்குமூலத்தை நம்பாதே என்றும் எழுதிவைத்தது. உலகத்தில் பல நாடுகளில் இப்படி ஒரு விதி கிடையாது. அந்தச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், போலீஸ் ஏன் அடிக்கிறது என்று இங்கே அனுபவப்பட்ட ஓர் அதிகாரியைக் கேட்டிருக்கிறார். கொடூரத்தைவிடச் சோம்பலே காரணம், சாட்சி தேடி வெயிலில் அலைய மனசில்லை என்ற அர்த்தத்தில் பதில் வந்ததாகப் பின்னாளில் பதிவும் செய்திருக்கிறார்.

ஆனால் அதே சட்டத்தில் 27-ஆம் பிரிவு என்று ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். காவலில் இருக்கிறவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் செல்லும். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டங்கள் வந்து எண்கள் மாறின. ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்டேஷன் பாஷையில் அதற்குப் பெயர் ரிக்கவரி. நகை கிடைத்தால் வாக்குமூலம் பாதி உயிர் பெறும், கேஸ் முடியும், பேப்பரில் படம் வரும், புகார் கொடுத்தவர் மேலிடத்துக்குப் போன் பண்ணுவதை நிறுத்துவார். ஆகவே வாயைத் திறக்க வைக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். கைரேகை, செல்போன் டவர், அடகுக்கடை ரசீது என்று தேடிப்போக ஒரு வாரம் ஆகும். லத்திக்கு ஒரு ராத்திரி போதும்.

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் நடந்தது இதுதான். மடப்புரம் கோயிலுக்கு வந்த ஒருவரின் காரிலிருந்து நகை காணவில்லை என்று புகார். கோயில் காவலாளியான 27 வயது இளைஞரைத் தனிப்படை எடுத்துக்கொண்டது. கோயிலுக்குப் பின்பக்கம் வைத்து அவரை அடித்ததை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் பிடித்தார். இளைஞர் இறந்தார். வழக்கு யார் உத்தரவில் தனிப்படைக்குப் போனது என்று உயர் நீதிமன்றம் கேட்டது. போலீஸ்காரர்கள் ஐந்து பேர் கைதானார்கள், விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது.

இதில் நான் உனக்குக் காட்ட நினைப்பது இடத்தை. ஏன் கோயில் பின்பக்கம், ஏன் ஸ்டேஷன் இல்லை? 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா ஸ்டேஷனிலும் வாசல், வராந்தா, லாக்கப் என்று ஓர் இடம் விடாமல் கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கேமரா ஸ்டேஷனுக்குள் வந்ததும் பாணி ஸ்டேஷனை விட்டு வெளியே நடந்து போய்விட்டது. தோப்பு, லாட்ஜ், மண்டபம், கோயில் கொட்டகை.

நாற்பது வருஷமாக நடக்கிற இழுபறியே இதுதான். கைதுக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது பார், அதைச் சட்டம் எழுத்தில் பிடிக்கப் பார்க்கிறது. ஸ்டேஷன் எழுத்துக்கு வெளியே வைக்கப் பார்க்கிறது. நேற்று நீ உட்கார்ந்திருந்த இரண்டரை மணி நேரம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கேட்டால், அப்படி ஓர் ஆளே இங்கே வரவில்லை என்பார்கள். 'கைது செய்யவில்லை, விசாரணைக்கு அழைத்து வந்தோம்' என்ற வாக்கியம் எதற்கு இருக்கிறது என்று நினைக்கிறாய்? அந்த நேரத்தைக் காகிதத்திலிருந்து மறைக்கத்தான்.

கல்கத்தாவில் டி.கே. பாசு என்பவர் இலவசச் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திவந்தார். லாக்கப் சாவுகளைப் பற்றிப் பேப்பரில் வந்த செய்திகளைக் கத்தரித்து வைத்து, 1986-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு பத்து வருஷம் விசாரித்து 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள். 11 கட்டளைகள். பிடிக்கிறவர் சட்டையில் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் நேரமும் தேதியும் வேண்டும். வீட்டார் ஒருவரோ ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், பிடிபட்டவரும் போட வேண்டும். சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பதினொன்றும் ஒன்றுதான்: நேரத்தை எழுது, ஆளை எழுது. ஸ்டேஷன் சுவரில் இந்தப் பதினொன்றும் பெரிய போர்டாகத் தொங்குவதைப் பார்த்திருப்பாய். அதற்குக் கீழேதான் உன்னை உட்கார வைத்திருப்பார்கள்.

"போர்டைப் பாத்தேன் மாமா. கண்ணாடி உடைஞ்சிருந்தது."

காகிதம் சரியாக இருந்தாலும் ஆள் சாகலாம் என்பதற்குச் சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரம். செல்போன் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அப்பாவையும் மகனையும் பிடித்தார்கள். நிரூபித்தாலும் பெரிய தண்டனை கிடையாத குற்றம். ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் அடி. அதற்குப் பிறகு மூன்று வாசல்களை அவர்கள் தாண்டிப் போனார்கள். முதல் வாசல் அரசு மருத்துவமனை. சிறைக்குப் போகத் தகுதியான உடல்நிலை என்று சான்று கிடைத்தது. இரண்டாவது மாஜிஸ்திரேட், ரிமாண்டு ஆனது. மூன்றாவது, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோவில்பட்டி கிளைச் சிறை, உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ரத்தத்தில் நனைந்துபோனதால் மாற்று லுங்கி கேட்டு வாங்கினார்கள் என்று உறவினர்கள் சொன்னார்கள். 22-ஆம் தேதி மகன் இறந்தார். 23-ஆம் தேதி அப்பா.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனம் 22-ஆம் பிரிவில் எழுதிவைத்தது சும்மா இல்லை. மனுஷனைப் பார்க்க வேண்டும், 'அடித்தார்களா?' என்று கேட்க வேண்டும், சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாலும் தப்பில்லை. ஆனால் ரிமாண்டுக்கு ஆட்களைக் கூட்டி வருகிற நேரத்தை ஒரு கோர்ட் வராந்தாவில் நின்று பார்த்தால் தெரியும். ஏட்டு கையில் ஃபைல், ஃபைலில் கையெழுத்துக்கு அடையாளம் வைத்த இடம். ஆளைப் பார்க்கிற கண்ணைவிடக் கட்டைப் பார்க்கிற கண்தான் அதிகம். கூட நிற்கிற போலீஸ்காரர் முன்னாலேயே 'அடித்தார்கள்' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவர் கூடவே வேனில் ஏறிப் போக வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்து, கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னது. அவர் போனால் ஒத்துழைப்பு இல்லை. ஒரு காவலர் அவரையே தரக்குறைவாகப் பேசினார். கேமரா பதிவைக் கேட்டால், ஹார்டு டிஸ்கில் இடம் கிடந்தபோதும் அன்றன்றைக்கே அழிகிற மாதிரி அமைத்து வைத்திருந்தது தெரிந்தது. அந்த ஸ்டேஷனில் நடந்ததைத் துணிந்து சொன்னவர் ஒரே ஒரு பெண் தலைமைக் காவலர். நீதிமன்றம் பொறுமை இழந்தது. ஸ்டேஷனை வருவாய்த் துறையின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கலெக்டருக்கு உத்தரவிட்டது.

கணக்கைப் பார். 1855-ல் தாசில்தார் கையிலிருந்து போலீசைப் பிடுங்கச் சொன்னது, தாசில்தாரின் ஆட்கள் ஜனங்களை அடிக்கிறார்கள் என்பதால். 2020-ல் போலீஸ் ஆட்களை அடித்துக் கொல்கிறது என்பதால், சாட்சியத்தைக் காப்பாற்ற, ஸ்டேஷனைத் தாசில்தார் கையில் கொடுத்தார்கள். நூற்று அறுபத்தைந்து வருஷம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட கச்சேரி வாசலிலேயே வந்து நிற்கிறோம்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சிதான் பாய்லருக்குப் பின்னாலிருந்து, "தூத்துக்குடிய விட்டுட்டீயளே" என்றார். அவருடைய மச்சான் வீடு அங்கே இருக்கிறது.

விடவில்லை. அது தெருவில் நடந்தது, வேறு கணக்கு. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம் என்று ஜனம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. அரசாங்கத்தின் பதில் 144 தடை உத்தரவு. (புதுச் சட்டத்தில் அது 163. ஆனாலும் ஊரில் இன்னும் '144 போட்டாச்சு' என்றுதான் சொல்கிறோம். எண்ணுக்கும் ஒரு பயம் ஒட்டிக்கொண்டுவிட்டது.) துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். கூட்டத்தைக் கலைக்கவும் படிக்கட்டு இருக்கிறது: எச்சரிக்கை, தண்ணீர், கண்ணீர்ப்புகை, தடியடி, எல்லாம் தோற்றால்தான் துப்பாக்கி, அதுவும் கீழே பார்த்து. இறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குண்டு பட்டது தலையிலும் மார்பிலும். வேன் மேலே ஏறி நின்று, சாதாரணச் சட்டையில், குறி பார்க்கிற போலீஸ்காரரின் படம் உன் போனுக்கும் வந்திருக்கும். சுட உத்தரவு போட்டதாகக் காகிதத்தில் கையெழுத்திட்டவர்கள் துணை தாசில்தார்கள். மறுபடியும் அந்த வேலைதான். துப்பாக்கி ஒருவர் கையில், பேனா இன்னொருவர் கையில். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. சூட்டுக்குத் தேவையே எழவில்லை என்றும் 17 போலீஸ்காரர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்றும் சொன்னது. ஒரு பொது ஊழியர் பணியில் செய்த காரியத்துக்கு வழக்கு நடத்த அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று இன்னொரு பழைய பிரிவு இருக்கிறது. அது எப்படி வேலை செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஏட்டய்யா பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். காவலர்களுக்கு வார விடுமுறை என்பதே தமிழ்நாட்டில் 2021-ல்தான் உத்தரவாக வந்தது. அதுவரை பந்தோபஸ்து, ரோந்து, மறுபடி பந்தோபஸ்து. அதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற ஆர்டர்லி முறையை உயர் நீதிமன்றமே கண்டித்தது. மேலே இருப்பவர் இவரை 'யோவ்' என்கிறார். கீழே கிடைக்கிறவனை இவர் 'டேய்' என்கிறார். நியாயம் என்று சொல்லவில்லை. எந்தக் குழாய் வழியாக வந்து உன் கன்னத்தில் விழுந்தது என்று சொல்கிறேன்.

நம் பங்கும் இருக்கிறது, அதை ஒளிக்கக் கூடாது. ரவுடி ஒருவன் கையில் மாவுக்கட்டோடு நிற்கிற படம் வந்தால், 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்' என்று சிரிப்புப் பொம்மை போட்டுப் பகிர்கிறோம். ஸ்டேஷன் குளியலறை பிடிபட்டவர்களுக்கு மட்டும் ஏன் வழுக்குகிறது என்று உயர் நீதிமன்றமே கேட்டாயிற்று, நாம் கேட்கவில்லை. 'விசாரணை' படம் பார்த்து அழுதவர்களும் 'சாமி' படத்துக்கு விசில் அடித்தவர்களும் ஒரே தியேட்டர்க்காரர்கள்தான். நானும் அதில் ஒருவன், இரண்டுக்கும் டிக்கெட் வாங்கினேன். வழுக்குகிற தரை எது என்று தெரிந்துகொண்டே கைதட்டினால், ஒருநாள் அதில் நம் வீட்டுப் பிள்ளை கால் வைக்கும்போது மட்டும் தரை காய்ந்திருக்காது.

"சரி, புகார் கொடுக்கணும்னா?" என்றான்.

இங்கேதான் சிரிப்பு வரும். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவுகள் போட்டது. பிரகாஷ் சிங் யாரோ இல்லை, மாநில டி.ஜி.பி.யாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே இருந்தவரே தாங்காமல் கோர்ட்டுக்குப் போனார். ஏழில் ஒன்று, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம். மாநில அளவில் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்டத்தில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது. தலைவர் யார் தெரியுமா? மாநிலத்தில் உள்துறைச் செயலாளர், மாவட்டத்தில் கலெக்டர். அதாவது போலீசை நடத்துகிற துறையே போலீஸ் மீதான புகாரையும் விசாரிக்கும். 1854-ல் கிஸ்தி கட்டாத அந்த விவசாயி நின்ற வாசலை நினைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவலில் ஒருவருக்குக் காயம் பட்டிருந்தால், அதைப் போலீஸே உண்டாக்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்று போலீஸ் நிரூபிக்கட்டும் என ஒரு பிரிவைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1985-லேயே சொன்னது. ஸ்டேஷனுக்குள் நடந்ததற்கு வேறு சாட்சி எங்கிருந்து வரும்? நியாயமான யோசனை. சேர்க்கவில்லை. சாட்சியச் சட்டத்தை முழுசாக மாற்றி எழுதிய 2023-லும் சேர்க்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் இந்தியா கையெழுத்துப் போட்டது. அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. போலீஸ் காவலை முதல் பதினைந்து நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று இருந்ததைப் புதுச் சட்டம் தளர்த்தி, நாற்பது, அறுபது நாட்களுக்குள் துண்டு துண்டாக எடுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறது. காகிதத்துக்கு வெளியே கிடந்த நேரம் போதாதென்று காகிதத்துக்குள்ளும் நீள்கிறது.

"அப்போ நான் என்னதான் செய்ய?"

எழுது என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றம் என்றால் எடுத்தவுடன் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூப்பிட்டால் நோட்டீஸ் கேள். உள்ளே கூட்டிப் போனால் வாசலிலேயே வீட்டுக்கு ஒரு போன், நேரத்தைச் சொல். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினால், அவர் கேட்காவிட்டாலும் நீ சொல். நேற்று நடந்ததை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி எஸ்.பி. ஆபீசுக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவோம். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள், யார் அடித்தது. அந்த இரண்டரை மணி நேரம் எங்கேயாவது ஒரு தாளில் இருக்கட்டும்.

அண்ணாச்சியே கணக்கு எழுதுகிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தது. மருமகன் தேதி போட்டான். 10.40 என்று எழுதினான். இடம் எழுதினான். வண்டி நம்பர் எழுதினான்.

"அடிச்சவர் பேரு?"

பேனா நின்றது. கண்ணை மூடி நேற்றைய சட்டையை மனசில் கொண்டுவந்து பார்த்தான்.

"பேட்ஜ் இல்ல மாமா. பாக்கெட்டுக்கு மேல ரெண்டு பின் ஓட்டைதான் இருந்துச்சு."

"சரி," என்றேன். "அதையே எழுது."